சுப்பம்மாவின் பெட் டீ

சுப்பம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தாறு வருடம் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வருகிறவள். அந்த முப்பத்தாறு வருடமும் காலை நாலு மணிக்கு எழும்பி, அடுப்பை மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, வீட்டில் படுத்திருக்கிற ஒவ்வொருத்தர் தலைமாட்டிலும் கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான். அவள் தலைமாட்டில் யாரும் ஒரு கோப்பை வைத்ததில்லை. பிள்ளை பெற்ற நாலாம் நாள்கூட, "எந்திரிச்சிட்டியா? அப்படியே எனக்கும் ஒரு வாய் ஊத்து" என்றுதான் மாமியார் சொன்னார்.

அதனால் 2003ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்கு மகள் சுமித்ரா கொழும்பிலிருந்து வந்து ஒரு செய்தி சொன்னபோது, அதில் பாதிதான் சுப்பம்மாவின் காதில் விழுந்தது. சுமித்ரா ஓர் உல்லாசப் பயணக் கம்பெனியில் வேலை பார்த்தாள். புதுவருடப் பரிசாக முதலாளி ஸ்டாஃப் எல்லாருக்கும் ஆளுக்கோர் இடத்தில் இரண்டு இரவு தங்க எழுதிக் கொடுத்திருந்தார். சுமித்ராவுக்குக் கிடைத்தது தெரணியகலைப் பக்கம் ஒரு பழைய தோட்டத் துரை பங்களா. இப்போது அதை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள்.

"பாத்ரூம்ல குளிக்கிற தொட்டி இருக்காம்மா. நெருப்பு போட்டுக் குளிர் காயிற எடம் இருக்கு. காலையில கட்டிலுக்கே டீ வரும். பெட் டீ."

"என்னது?"

"பெட் டீம்மா. நம்ம தொரைக்குச் சமையக்கார அப்பு ட்ரேயில வச்சுக் கொண்டுபோய்க் குடுப்பாரே, அந்த மாதிரி."

தொட்டியும் நெருப்பும் அத்தோடு சுப்பம்மாவுக்கு மறந்துபோயின.

அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியவள் சுப்பம்மாவேதான். பக்கத்துக் காம்பரா வீட்டு அன்னலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"படுத்துக்கிட்டே எப்புடிக்கா குடிப்ப? மூக்குல ஏறிறாது?"

"சாஞ்சுக்கிட்டுத்தான்டி குடிக்கணும். தொரசாணிமாரெல்லாம் அப்புடித்தான்."

"நீ எப்ப பாத்த தொரசாணி குடிக்கிறத?"

"பாத்தாத்தான் தெரியுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் சுவரோடு தலையணையை வைத்துச் சாய்ந்து, வெறுங்கோப்பையைக் கையில் பிடித்துப் பழகிப் பார்த்தாள். புருஷன் முத்துவீரன் உள்ளே வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏ புள்ள, கோப்பையில ஒண்ணுமில்லையே. என்னத்த உறிஞ்சுற?"

"ஒங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க."

முத்துவீரன் தோட்டத்தில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. பங்களா அப்புவின் கையால் ரோஸ்ட் கோழி சாப்பிட வேண்டும். அங்கே எப்படிப்பட்ட கோழி வைத்திருப்பார்களோ என்று நம்பிக்கையில்லாமல், வீட்டில் வளர்த்த நாட்டுக் கோழி ஒன்றை உயிரோடு பையில் போட்டுக்கொண்டார். இரத்தினபுரி, அவிசாவளை, தெரணியகலை என்று மூன்று பஸ் மாறும்வரை அந்தக் கோழி தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. தெரணியகலையில் ஹுஸைன் என்கிற ஒருத்தரின் த்ரீவீலரைப் பிடித்து மேலே ஏறினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் ஹுஸைன் கேட்டிலேயே இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் பகல் வந்து ஏற்றிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சுமித்ராவின் கையில் இருந்த படத்தில் பங்களாவுக்கு முன்னால் பச்சைப் பாய் விரித்த மாதிரிப் புல் இருந்தது. நேரில் அந்தப் புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. படத்தில் வெள்ளையாக இருந்த சுவர் நேரில் பாசி பிடித்துக் கிடந்தது. சுமித்ரா படத்தை ஒரு தடவையும் பங்களாவை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

அவர்கள் இருவரும் பின்பக்கமாகச் சமையல் குசினி வாசலுக்குப் போயிருந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, கால்தான் போனது. பங்களாவின் முன்வாசல் துரைக்கும் துரைசாணிக்கும் அவர்களுடைய நாய்க்கும் உரியது. மற்றவர்களுக்கு எப்போதும் பின்வாசல்தான். முத்துவீரன் போகும்போதே தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். சுமித்ரா முன்னாலிருந்து, "அப்பா, நாம கெஸ்ட்டுப்பா!" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை.

குசினிக்குப் பக்கத்து அறைக் கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. சுப்பம்மா அதைப் பார்த்த உடனே செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே பாயில் அறுபது வயதுள்ள ஓர் ஆள் படுத்திருந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் கொப்புளம். அவர்தான் பங்களாவின் சமையற்காரர், பியசேன அப்பு. வாட்ச்சர் புதுவருடத்துக்கு ஊருக்குப் போய்விட்டாராம். இடி விழுந்து டெலிபோனும் செத்துவிட்டதாம். கம்பெனிக்கு அறிவிக்க வழியில்லாமல் மூன்று நாளாகத் தண்ணீரும் பிஸ்கட்டுமாகக் கிடக்கிறார்.

"லங்கட்ட என்ட எப்பா, நோனா" என்று கையை ஆட்டினார். கிட்டே வரவேண்டாம் என்கிறார். "மட தெய்யன்கே லெடே."

துரைசாணிமாரைக் கூப்பிடுகிற நோனா என்ற சொல்லைக் கேட்டதும் சுப்பம்மா பின்னால் திரும்பி யார் நிற்கிறது என்று பார்த்தாள். யாருமில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. தெய்யன்கே லெடே என்றதற்கு அந்த நேரம்கூடத் தேவைப்படவில்லை. சிங்களவர்களுக்கு அது தெய்வத்தின் நோய், பத்தினி தெய்வம் கொடுப்பது. நமக்கு அது மாரியாத்தா. ஆள் யாராக இருந்தாலும் வந்திருப்பது ஆத்தா. சுப்பம்மா பியசேனவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கொப்புளத்தோடு படுத்திருந்த பியசேனவும் ஒன்றும் புரியாமல் நோனாவைத் திருப்பிக் கும்பிட்டார்.

சுமித்ரா சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போயிருந்தது. முத்துவீரனுக்கும் முகத்தில் தழும்பு உண்டு. போடாதது சுப்பம்மாவுக்கு மட்டும்தான்.

"அம்மா, வா போயிருவோம். ஒனக்கு ஒட்டிக்கிரும்."

"ஆத்தா இருக்கிற வீட்டுக்கு வந்து, கண்ணால பாத்துட்டு, தண்ணி கூடக் குடுக்காமத் திரும்பச் சொல்றியா?"

"ஏம்மா, நீ பெட் டீ குடிக்கத்தானே வந்த?"

அந்தக் கேள்வி சுப்பம்மாவுக்கும் வந்துவிட்டிருந்தது. ஆனால் அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. கரண்ட் போனது. சுமித்ராவின் கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. போவதா இருப்பதா என்கிற பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுப்பம்மாவின் சட்டம். இந்தக் கூரைக்குக் கீழே பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. கருவாடு கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. உயிர் எதையும் அறுக்கக் கூடாது.

முத்துவீரன் கோழிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதையுமா?"

"அதுக்கு உயிர் இல்லியா?"

"தெரணியகலை வரைக்கும் தூக்கிட்டு வந்தனே புள்ள."

"திரும்பவும் தூக்கிட்டுப் போங்க."

குளிக்கிற தொட்டியைப் போய்ப் பார்த்தார்கள். தொட்டி இருக்கத்தான் செய்தது. கூரை ஒழுகுகிற தண்ணீர் பிடிக்க அதற்குள் இரண்டு வாளியும் ஓர் அண்டாவும் வைத்திருந்தார்கள். நெருப்புப் போடுகிற இடத்தில் வௌவால் இருந்தது. கட்டில் பெரிய கட்டில்தான். ஆனால் மெத்தையின் நடுவில் பள்ளம். இரண்டு பக்கத்தில் படுத்தாலும் ஆளுக்காள் உருண்டு நடுவில் வந்து முட்டிக்கொண்டார்கள். கோழி மட்டும் ஹாலில் இருந்த நல்ல சோபாவில் ஏறிக் கால் மடித்து உட்கார்ந்தது. அன்று ராத்திரி துரையின் சாப்பாட்டு மேசையில், வெள்ளைத் துணி விரித்து, மூவரும் உப்புக் கஞ்சி குடித்தார்கள்.

மறுநாள் நாலு மணிக்குச் சுப்பம்மாவுக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. எழும்பவில்லை. பியசேனவால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இது பங்களா, நான் கெஸ்ட், நாமாக எழும்பிப் போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம். நாலரை ஆனது. ஐந்து ஆனது. பக்கத்தில் முத்துவீரன் புரண்டார்.

"தேத்தண்ணி எங்க புள்ள?"

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த நேரம் அடுத்த அறையில் சுமித்ரா, சுவரில் இருந்த ஒரு பழைய மணிக்கயிற்றை என்னவென்று தெரியாமல் இழுத்துப் பார்த்தாள். குசினியில் மணி அடித்தது. முத்துவீரன் "வாறேங்க தொர!" என்று கட்டிலை விட்டுத் துள்ளி எழும்பிக் கதவுவரை ஓடிவிட்டார். ஓடியபிறகுதான் துண்டைத் தேடினார். சுப்பம்மா சிரித்த சிரிப்பில் அவளுடைய பிடிவாதமும் கலைந்துபோனது. எழும்பிப் போய் அடுப்பை மூட்டினாள். அன்றைக்கும் புருஷனுக்கு ஒரு கோப்பை, மகளுக்கு ஒரு கோப்பை, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். தான் குசினியில் நின்றபடி குடித்தாள்.

பியசேனவுக்கு வெட்கம் தாங்கவில்லை. நோனா கஞ்சி காய்ச்சுகிறார், நோனா வேப்பிலை மாற்றுகிறார், நோனா இளநீர் வெட்டுகிறார். நாற்பது வருடத்தில் எத்தனை துரைமாருக்குப் பெட் டீ கொடுத்திருப்பார்! எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பாயில் கிடந்தபடியே சொன்னார். சிறிய ட்ரே, அதன்மேல் ஓரம் தைத்த துணி, கோப்பையின் காது வலக்கைப் பக்கம், சோசரில் இரண்டு பிஸ்கட். இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெளியே வானம் எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை. சுப்பம்மா வாசற்படியில் உட்கார்ந்து வாய் திறந்தபடி கேட்டாள், பின்னால் முத்துவீரனும் நின்று கேட்டார்.

"நாளைக்கு நோனாவுக்கு நான் கொண்டு வருவேன்" என்று சிங்களத்தில் சொன்னார் பியசேன. "இன்றைக்குக் கொஞ்சம் சுகம்."

சொன்னபடியே செய்தார். கடைசி நாள் காலை குசினியில் கோப்பை உரசுகிற சத்தம் கேட்டுச் சுப்பம்மா கண் விழித்தாள். தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள். சேலையைச் சரிசெய்தாள். கதவில் இரண்டு தட்டு விழுந்தது. ட்ரேயோடு பியசேன நின்றார். உடம்பெல்லாம் கொப்புளம், கால் நடுங்குகிறது. ட்ரேயில் துணி, சோசரில் இரண்டு பிஸ்கட், கோப்பையின் காது வலக்கைப் பக்கம்.

கையை நீட்டினால் போதும்.

சுப்பம்மா நீட்டவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நின்றது பியசேன இல்லை.

"ஐயோ, ஆத்தாவ எழுப்பித் தேத்தண்ணி ஊத்த வச்சிட்டேனே! என் குடும்பம் வெளங்குமா?" என்று கட்டிலை விட்டுக் குதித்தாள். ட்ரேயை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பாயில் படுக்கவைத்தாள். பிறகு இளநீர் கொடுத்து, அவர் காலடியில் விழுந்து மன்னிப்பும் கேட்டாள். பியசேன அழாத குறையாக, "நோனா, எனக்கு வேலை போய்விடும்" என்றார். திரும்பி வந்தபோது ட்ரேயில் கோப்பை காலி. முத்துவீரன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போயிருமேன்னு..." என்றார்.

பங்களாவை விட்டு இறங்கும்வரை சுப்பம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பகல் ஹுஸைன் வந்தார். சுமித்ரா டிஸ்பென்சரியில் சொல்லி அப்புவைப் பார்க்க ஆள் அனுப்ப ஏற்பாடு செய்தாள். கோழி சோபாவில் ஒரு முட்டை இட்டுவிட்டுப் பைக்குள் ஏறியது.

லயத்தில் அன்னலட்சுமி வாசலிலேயே காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர்.

"குடிச்சியாக்கா?"

சுப்பம்மா ஒரு நிமிடம் எல்லா முகத்தையும் பார்த்தாள்.

"குடிச்சேன்டி."

"சாஞ்சுக்கிட்டா?"

"சாஞ்சுக்கிட்டு. சின்ன ட்ரே, ஓரம் தச்ச துணி. கோப்பைக் காது சோத்தாங்கைப் பக்கம். ரெண்டு பிஸ்கட்டு. கதவ ரெண்டு தட்டுத் தட்டித்தான் உள்ளுக்கு வருவாங்க."

அன்னலட்சுமியின் முகம் சுருங்கியது. முத்துவீரனுக்கு மட்டும் ஓர் இருமல் வந்தது. கோழியை அவிழ்த்துவிடுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சுப்பம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் நெற்றியில் மூன்று கொப்புளம். அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. பொய் சொன்னதற்குத்தான் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். சுமித்ரா மட்டும், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று கொழும்பிலிருந்து கடையின் டெலிபோனுக்கு எடுத்துச் சொன்னாள்.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். இப்போது சுப்பம்மா சாதாரண ஆள் இல்லை. யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. முத்துவீரன் விடியற்காலையில் எழும்பிக் கஞ்சி காய்ச்சினார். முதல்நாள் அது அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் உப்பில்லை. அன்னலட்சுமி மோர் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இளநீர் வந்தது, வாழைப்பழம் வந்தது, யாரோ எங்கிருந்தோ தோடம்பழம்கூடக் கொண்டுவந்தார்கள். முப்பத்தாறு வருடத்தில் முதல்தடவையாக எல்லாம் சுப்பம்மா படுத்திருக்கிற இடத்துக்கே வந்தன. தேத்தண்ணியைத் தவிர. அது சூடு. அம்மை போட்டவருக்கு ஆகாது.

ஐந்தாம் நாள் சுப்பம்மா வாய் திறந்து கேட்டாள். "ஒரு வாய் தேத்தண்ணி குடுங்க."

லயமே கலங்கிவிட்டது. ஆத்தா கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் தேத்தண்ணி கொடுத்தால் உடம்பு கொதிக்கும். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். வாசலில் நின்று அடங்கின குரலில் சண்டை பிடித்தார்கள். சத்தம் போடக் கூடாதே.

"ஆத்தா கூழுதானே கேக்கும். டீ கேட்டு யாரு பாத்தா?" என்றாள் அன்னலட்சுமி.

"தேயிலைத் தோட்டத்து ஆத்தா வேற என்னத்தக் கேக்கும்?" என்றார் ஒருவர்.

கடைசியில் கோயில் பூசாரி சின்னத்தம்பியைக் கூட்டிவந்தார்கள். அவர் வாசலில் நின்று திருநீறு போட்டுவிட்டு, பணிவாகக் கேட்டார்.

"தாயே, டீ கேக்குறது ஆத்தாவா? இல்ல, சுப்பம்மாவா?"

ஆத்தா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு வீட்டிலிருந்து ஆறு கோப்பை வந்துவிடும். சுப்பம்மாவுக்கும் அது தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்க்கு உடம்பு முழுக்க வாங்கியிருக்கிறாள்.

"சுப்பம்மாதாங்க" என்றாள். "பங்களாவுலயும் நான் குடிக்கல. அதுவும் பொய்தான்."

அன்னலட்சுமி பக்கத்தில் நின்றவளிடம், "நான் அப்பவே நெனச்சேன்" என்று முணுமுணுத்தாள். சின்னத்தம்பி தொண்டையைச் செருமினார்.

"சுப்பம்மான்னா மோரு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஐந்து மணி இருக்கும். சுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கதவுதான் திறந்து கிடக்கிறதே, அந்தத் திறந்த கதவில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தாள். முத்துவீரன் நின்றார். கையில் சோற்றுச் சட்டியின் தட்டு மூடி. அதன்மேல் அவருடைய தலைத்துண்டை மடித்து விரித்திருந்தார். துண்டின்மேல் இரண்டு கோப்பை. இரண்டிலும் ஆவி பறந்தது.

"வானம் மூடிக்கிட்டு இருக்கு" என்றார். அவருக்குத் திரைச்சீலை இழுக்க ஜன்னல் இல்லை.

சுப்பம்மா எழும்பிச் சுவரில் சாய்ந்தாள். "பூசாரி அண்ணே வேணாம்னு சொன்னாரே. ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"அதுக்குத்தான் ரெண்டு ஊத்தினேன். ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு ஆத்தாவுக்கு. தான் குடிச்சுக்கிட்டு ஒன்ன எப்புடி வேணாம்னு சொல்லும்?"

ஒரு கோப்பையை வேப்பிலைக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். மற்றதை அவள் கையில் கொடுத்தார். காதை வலக்கைப் பக்கம் திருப்பித்தான் கொடுத்தார். சுப்பம்மா ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். சாயம் வெளுப்பு. தண்ணீர் நன்றாகக் கொதிக்கவில்லை. தூள் மேலே மிதந்தது. இனிப்பு என்று ஒன்றுமே இல்லை.

இரண்டாவது வாயும் குடித்தாள். மூன்றாவது வாய்க்குப் பிறகு வேப்பிலைப் பக்கம் கண் போனது.

"ஏங்க, அந்தக் கோப்பைக்கும் சீனி போடலியா?"

முத்துவீரன் தலையைச் சொறிந்தார்.

"எனக்குப் பரவால்ல. அவங்களுக்காச்சும் போட்டுக் கொண்டாங்க, சுருக்கா. ஆறிறப் போவுது."

அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். சுப்பம்மா தலையணையில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மிச்சத்தை மெதுவாகக் குடித்தாள்.